குரல் கேட்கிறது, ஆள் எங்கே?

முதல் படத்துக்கான திரைக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு அலையும் உதவி இயக்குநர்களுக்கு,

நான் எடிட்டர். நீங்கள் எழுதுவதை ஒருவர் படம்பிடிப்பார், ஒருவர் நடிப்பார், கடைசியில் எல்லாம் என்னைப் போன்ற ஒருவரின் மேசைக்குத்தான் வந்து சேரும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சமீப காலமாக என்னிடம் படிக்கக் கொடுக்கும் பவுண்ட் ஸ்கிரிப்ட்களில் முதல் பக்கம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. இரவு. மழை. ஒருவன் சட்டையெல்லாம் ரத்தத்தோடு ஓடி வருகிறான். படம் உறைகிறது. அவன் குரல் வருகிறது: ஓடுறது நான்தான், எதுக்கு ஓடுறேன்னு தெரியணும்னா மூணு மாசம் பின்னாடி போகணும். அடுத்த வரியில் 'மூன்று மாதங்களுக்கு முன்பு'. இப்படி எழுதுகிறவர்கள் ஒரு கட்சி. இன்னொரு கட்சி பட்டறைகளுக்குப் போய்வந்தவர்கள், யூடியூபில் திரைக்கதைப் பாடம் கேட்டவர்கள். வாய்ஸ் ஓவர் என்றாலே இவர்களுக்கு முகம் சுளிக்கும். அது எழுதத் தெரியாதவனின் குறுக்குவழி, சினிமா என்றால் காட்ட வேண்டும், சொல்லக் கூடாது என்பார்கள். இரண்டு கட்சிக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நீங்கள் இரண்டு பேருமே ஒரு கேள்வியைக் கேட்காமல் தாண்டிப் போய்விடுகிறீர்கள். பேசுவது யார்? எங்கே இருந்துகொண்டு, யாரிடம், எதற்காக இப்போது வாயைத் திறக்கிறார்?

முதலில் இந்தக் குரல் என் அறையில் எப்படிப் பிறக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். படத்தின் முதல் கட் மூன்று மணி நேரத்தைத் தொட்டுக்கொண்டு வரும். இழுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பாதியில் ஒரு கிளைக்கதையைத் தூக்குவோம். தூக்கியதும் நாயகன் எதற்காக மதுரைக்குப் போனான் என்பது அந்தரத்தில் தொங்கும். தெரிந்தவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவார்கள். அதில் ஒருவர், "ஃபர்ஸ்ட் ஹாஃப்ல அந்தப் பொண்ணு யாருன்னே புரியலையே பிரதர்" என்று தலையைச் சொறிவார். தயாரிப்பாளரின் முகம் மாறும். ரீஷூட்டுக்குக் காசு கிடையாது, நடிகரின் தேதியும் கிடையாது. அப்போது அறையில் யாராவது ஒருவர் அந்த வாக்கியத்தைச் சொல்வார்: "ஒரு வாய்ஸ் ஓவர் போட்டுட்டா சரியாயிடும் சார்."

அப்படிப் போட்ட ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். நாயகன் பல வருஷம் கழித்துச் சொந்த ஊருக்குத் திரும்புகிறான். பஸ் அவனை இறக்கிவிட்டுப் போகிறது. பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்கிறான். டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை. கடைப் பையன் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி போனில் குனிந்துகொள்கிறான். நாயகன் பையை எடுக்கிறான். எடுக்கும்போது, கனமே இல்லாத அந்தப் பைக்காகத் தோளை ஒரு தரம் இறக்கி ஏற்றிக்கொள்கிறான். அந்தத் தோளசைவை நடிகர் தானாகச் செய்தார், யாரும் சொல்லித்தரவில்லை. அதற்காகவே அந்த ஷாட்டை நீளமாக விட்டிருந்தேன். அதன் மேல் குரல் வந்து உட்கார்ந்தது: என் ஊர் மாறிவிட்டது, இங்கே என்னை யாருக்கும் தெரியவில்லை, நான் வேற்றாள் ஆகிவிட்டேன். மிக்சிங்கில் பார்த்தபோது ஷாட் அப்படியேதான் இருந்தது. தோளைத்தான் யாரும் பார்க்கவில்லை. பதில் காதுக்கு வந்துவிட்டால் கண் தேடுவதை விட்டுவிடுகிறது.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 1982இல் ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' முன்னோட்டக் காட்சிகளில் பார்த்தவர்கள் குழம்பினார்கள். பணம் போட்டவர்கள் பயந்தார்கள். நாயகன் ஹாரிசன் ஃபோர்டைக் கூட்டிவந்து விளக்கக் குரல் பதிவுசெய்து ஒட்டினார்கள். ஃபோர்டுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை என்பதை அவரே பின்னால் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படத்தைக் கேட்டாலும் தெரியும். கடைசிக் கட்டத்தை மட்டும் பாருங்கள். மொட்டைமாடி, கொட்டும் மழை. தன்னை வேட்டையாட வந்த நாயகன் விளிம்பிலிருந்து விழப்போகும் நேரத்தில், ராய் பேட்டி என்ற அந்தச் செயற்கை மனிதன் அவனை ஒரே கையால் தூக்கிப் போடுகிறான். பிறகு எதிரே உட்கார்கிறான். கையில் ஒரு புறா. தான் கண்ட அதிசயங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுகிறான். தலை கவிழ்கிறது, புறா பறக்கிறது. ஃபோர்டின் முகம், அதில் வழியும் தண்ணீர். 1982இல் வந்த பதிப்பில் இங்கே குரல் வந்து, இவன் என்னை ஏன் காப்பாற்றினான் என்று தெரியவில்லை, ஒருவேளை சாகும் நேரத்தில் உயிரின் அருமை அவனுக்கு அதிகமாகத் தெரிந்திருக்கலாம் என்று நமக்கு வகுப்பெடுக்கிறது. 1992இல் இயக்குநர் பதிப்பு என்று வந்ததில் குரலை எடுத்துவிட்டார்கள். முகமும் மழையும் மட்டும். அதே ஷாட்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், என் தொழிலில் பாதியைப் படித்த மாதிரி.

அப்படியானால் பின்னால் ஒட்டவைக்கும் குரல் எல்லாமே கெடுதல் என்று தீர்ப்பெழுதிவிடலாமா? அங்கேதான் சிக்கல். டெரன்ஸ் மாலிக்கின் 'டேஸ் ஆஃப் ஹெவன்' (1978) எடிட்டிங்கில் இரண்டு வருஷம் போலக் கிடந்த படம். எடுத்த வசனங்களில் பெரும்பகுதியை மாலிக் வெட்டி எறிந்தார். கதை கோவையாக நிற்கவில்லை. கடைசியில், நாயகனின் தங்கையாக நடித்த லிண்டா மான்ஸ் என்ற சிறுமியைக் கூட்டிவந்து, படத்தைப் போட்டுக் காட்டித் தோன்றியதைப் பேசச் சொன்னார். அதாவது, நம் அறையில் சொல்லும் அதே "ஒரு வாய்ஸ் ஓவர் போட்டுட்டா" வைத்தியம்தான். ஆனால் என்ன நடந்தது? திரையில் டெக்சாஸின் கோதுமை வயல். ஒரு ஜோடி, அண்ணன் தங்கை என்று பொய் சொல்லிக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறது. சாகக் கிடக்கிறார் என்று நினைத்துப் பண்ணையாரை அந்தப் பெண் கல்யாணம் செய்துகொள்கிறாள். பொறாமை, துரோகம், கொலை எல்லாம் கண்முன்னே நடக்கிறது. அந்தச் சிறுமியின் குரலோ எங்கெங்கோ போகிறது. ரயிலில் பார்த்த ஒருவன் உலகம் தீப்பிடிக்கப் போவதாகச் சொன்னதைச் சொல்கிறது, பெரியவர்களின் காரியத்தைப் பாதி புரிந்தும் புரியாமலும் தொட்டுவிட்டு நகர்கிறது. நாம் பார்ப்பதற்கும் அவள் சொல்வதற்கும் நடுவே ஒரு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் நம்மால் புகுந்து உட்கார முடிகிறது.

அடுத்த வருஷமே வந்த 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் குரலும் படப்பிடிப்பு முடிந்த பிறகு எழுதப்பட்டதுதான். வியட்நாம் போரில் செய்தியாளராக இருந்த மைக்கேல் ஹெர்ரை அழைத்து எழுதவைத்தார் கொப்போலா. படகு ஆற்றில் மேலே போய்க்கொண்டிருக்கிறது. நாயகன் வில்லார்டு மடியில் கர்ட்ஸ் என்ற அதிகாரியின் கோப்பு. கொல்லச் சொல்லி அனுப்பப்பட்டிருக்கும் அந்த ஆளைப் படம் முடியப்போகும் நேரத்தில்தான் பார்க்கப் போகிறோம். அதுவரை அவரைக் கட்டியெழுப்புவது பெரும்பாலும் இந்தக் குரல்தான். எந்தக் காமிராவும் செய்ய முடியாத வேலை. படிக்கப் படிக்க, இவரை எதற்காகக் கொல்ல வேண்டும் என்பது வில்லார்டுக்கே மங்கிக்கொண்டு வருகிறது.

ஆக, குரலை எப்போது எழுதினார்கள் என்பதில் விஷயம் இல்லை. 'பிளேட் ரன்னர்' குரலுக்கு நமக்குத் தெரிந்தது மட்டும்தான் தெரியும். ஏற்கெனவே ஒரு தரம் பார்த்துவிட்டு வந்து தியேட்டரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காதில் ஓதுகிறவரைப் போல. லிண்டாவுக்கு நம்மைவிடக் குறைவாகத் தெரியும். நம்மைவிட அதிகம் தெரிந்த குரலும் உண்டு. குப்ரிக்கின் 'பாரி லிண்டன்' (1975) படத்தில் ஒரு கதைசொல்லி இருக்கிறார். தாக்கரேயின் மூல நாவலில் பாரியே தன் கதையைத் தற்பெருமையோடு சொல்லுவான். குப்ரிக் அதை எடுத்துவிட்டு, கதைக்கு வெளியே நிற்கும் ஒரு பெரிய மனிதரின் நிதானமான குரலை வைத்தார். பாரி தன் சின்ன மகனோடு கொஞ்சிக் குலாவும்போதே, இவன் பிள்ளையில்லாமல் தனியனாகத்தான் சாகப்போகிறான் என்று அந்தக் குரல் சொல்லிவிடுகிறது. சஸ்பென்ஸ் போச்சு என்று நம் தயாரிப்பாளர் கத்துவார். போகட்டும். அதற்குப் பிறகு அந்தப் பையன் சிரிக்கிற ஒவ்வொரு ஷாட்டும் வேறு ஷாட் ஆகிவிடுகிறது.

இனி குரலின் முகவரிக்கு வருகிறேன். பில்லி வைல்டரின் 'டபுள் இன்டெம்னிட்டி' (1944) படத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவன் தோளில் குண்டுக் காயத்தோடு நள்ளிரவில் ஆபீசுக்கு வருகிறான். டிக்டேட்டிங் மெஷினைப் போட்டு, தன் சக ஊழியர் கீஸுக்கு வாக்குமூலம் சொல்கிறான். படம் முழுக்க வரும் குரல் இதுதான். பேசுவதற்கு ஒரு கருவி, ஒரு காரணம், ஒரு காது. ரத்தம் போய்க்கொண்டிருப்பதால் நேரமும் குறைவு. கடைசியில் அவன் நிமிர்ந்து பார்த்தால் கீஸ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். யாருக்காகச் சொன்னானோ அவர் முன்னாலேயே குரல் முடிந்துபோகிறது. அதே வைல்டர் 'சன்செட் புலவார்டு' (1950) படத்தில் செத்துப்போனவனையே கதை சொல்ல வைத்தார். முதலில் பிணவறையில் பிணங்கள் ஒன்றோடொன்று பேசுவதாக எடுத்திருந்தார். முன்னோட்டக் காட்சியில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கவே அந்தக் காட்சியைத் தூக்கிவிட்டு, நீச்சல் குளத்தில் மிதக்கும் உடம்பிலிருந்து ஆரம்பித்தார். செத்தவன் குரல் மட்டும் அப்படியே இருந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை. கண் ஒத்துக்கொள்ளாததைக் காது ஒத்துக்கொள்கிறது பாருங்கள்.

நம்மிடம் இதற்கு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. வெற்றிமாறனின் 'விடுதலை' படத்தில் சூரியின் குரல் அம்மாவுக்கு எழுதும் கடிதமாக வருகிறது. மலைக்காட்டு முகாமில் கிடக்கும் ஒரு கடைநிலைப் போலீஸ்காரன் அம்மாவுக்கு எப்படி எழுதுவான்? எல்லாவற்றையும் எழுத மாட்டான். அந்தக் கடிதத்தின் பக்கத்திலேயே படம் நடக்கிறது, அம்மா பார்க்கக் கூடாததையெல்லாம் நாம் பார்க்கிறோம். வெற்றிமாறனின் முதல் படம் 'பொல்லாதவன்' (2007) இன்னும் துணிச்சலானது என்பேன். பைக்கைத் தொலைத்த பையனும் பேசுகிறான், எதிர்ப்பக்கம் நிற்கும் செல்வமும் பேசுகிறார். ரவுடிக்கும் ஒரு தன்மை ஒருமை கிடைத்துவிட்டால், அதற்குப் பிறகு அவரை வெறும் வில்லனாகப் பார்க்க முடியவில்லை. 'விருமாண்டி'யில் (2004) இது வேறொரு எல்லைக்குப் போகிறது. சிறைக்குள் ஆவணப்படம் எடுக்க வந்த பெண்ணின் காமிரா முன்னால் கொத்தாளத் தேவர் ஒரு கதை சொல்கிறார், விருமாண்டி ஒரு கதை சொல்கிறான். குரல் மாறியதும் படமே மாறிவிடுகிறது.

கௌதம் வாசுதேவ் மேனனைத் தொடாமல் இதைப் பேசிவிட்டுப் போனால் நீங்கள் சிரிப்பீர்கள். இன்றைக்கு நீங்கள் எழுதும் குரலுக்குப் பாதிக் காரணம் அவர்தான். 'காக்க காக்க' (2003) படத்தில் குண்டடிபட்டுத் தண்ணீரில் விழுந்து கிடப்பவனின் குரல் அது. 'வாரணம் ஆயிரம்' (2008) அப்பா இறந்த செய்தியோடு ஹெலிகாப்டரில் போகும் மகன் நினைத்துப் பார்ப்பது. இரண்டிலும் குரலுக்கு நிற்க ஓர் இடம் இருக்கிறது, அதனால் படம் அதைத் தாங்குகிறது. 'எனை நோக்கி பாயும் தோட்டா' (2019) வரும்போது இடம் கரைந்துபோய்ப் பழக்கம் மட்டும் மிஞ்சிவிட்டது. காதலிக்கும்போதும் குரல், சண்டைக்கு நடுவிலும் குரல், எல்லாம் ஒரே சுருதியில். தனுஷைப் போல ஒரு கண்ணிமைப்பில் சொல்லிவிடக்கூடிய நடிகரை வைத்துக்கொண்டு, அவர் முகத்துக்கு வேலையே வைக்காமல் செய்தது அந்தக் குரல். ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, என் கருத்து அதுதான்.

தமிழ்க் காதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். திரைக்கதைப் புத்தகங்கள் இதைச் சொல்லித்தராது. கண்ணுக்குத் தெரியாத குரல் நமக்குப் புதிதே இல்லை. புராணத்தில் அசரீரி. தெருக்கூத்தில் கட்டியங்காரன், ராஜா வருவதற்கு முன்னால் வந்து கட்டியம் கூறுவான், ராஜா வந்ததும் அவரையே கிண்டலடிப்பான், இடையில் நம் பக்கம் திரும்பி ஊர் நாட்டாமையையும் ஒரு பிடி பிடிப்பான். கதைக்குள்ளும் நிற்பான், வெளியிலும் நிற்பான். மௌனப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதையைச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். ஜப்பானில் அவர்களுக்குப் பென்ஷி என்று பெயர். நடிகர்களைவிடப் பென்ஷிகளுக்காகக் கூட்டம் கூடியதுண்டு. அகிரா குரோசாவாவின் அண்ணன் ஹெய்கோ அப்படிப்பட்ட ஒரு பென்ஷிதான். பேசும்படம் வந்து அந்தத் தொழிலையே அடித்துக்கொண்டு போய்விட்டது. இங்கே 1940இல் ஏ.கே. செட்டியார் உலகமெல்லாம் சுற்றிச் சேர்த்த படச்சுருள்களைக் காந்தியைப் பற்றிய ஆவணப்படமாக்கியபோது, அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுசேர்த்தது தமிழ் வர்ணனை.

அதற்குப் பிறகும் நாம் சினிமாவைப் பார்த்ததற்குச் சமமாகக் கேட்டிருக்கிறோம். ரேடியோவில் ஒலிச்சித்திரம் என்று ஒரு முழுப் படத்தையும் காதால் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. 'திருவிளையாடல்' வசனம் மனப்பாடமாகத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அதைத் தியேட்டரில் கற்றுக்கொள்ளவில்லை. 'விதி' (1984) படத்தின் கோர்ட் வசன கேசட் ஓடாத டீக்கடை அன்றைக்கு இல்லை. இந்தப் பழக்கம் நம் எழுத்தாளர்களின் விரலில் இருக்கிறது. காது நிறைந்தால் காசு வரும் என்ற நம்பிக்கை தயாரிப்பாளர்களின் ரத்தத்தில் இருக்கிறது.

இதில் நம்மிடம் இருக்கும் ஒன்றைப் பற்றி மட்டும் எனக்குப் பெருமை உண்டு. அசரீரிப் பாட்டு. பாத்திரம் வாயசைக்காது, பின்னால் யாரோ பாடுவார்கள், பாட்டு பாத்திரத்தின் நெஞ்சுக்குள் போய்வரும். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1977) படத்துக்கு ஜெயகாந்தனே எழுதி எம்.எஸ். விஸ்வநாதன் பாடிய பாட்டு ஒன்று உண்டு. அதில் பாடுகிறவர் கதைசொல்லி. நாவலாசிரியரின் குரல் அங்கே ராகம் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. பத்து வருஷ வாழ்க்கையை நாலு நிமிஷத்தில் கடந்துபோக, பேசும் குரலைவிட இளையராஜாவின் பாடும் குரல் பல படங்களில் நன்றாகவே உதவியிருக்கிறது. பேச்சில் சொன்னால் விளக்கமாக இருப்பது பாட்டில் வந்தால் ஏன் விளக்கமாகப் படுவதில்லை? மெட்டு நமக்குப் பதில் தருவதில்லை, நேரம் தருகிறது என்று நான் நினைக்கிறேன். உங்களுக்கு வேறு காரணம் தோன்றினால் சொல்லுங்கள்.

இன்னொரு தமிழ்ப் பிரச்சினை, எந்தத் தமிழில் பேசுவது? எழுத்துத் தமிழில் பேசும் குரல் வாயைத் திறந்ததுமே ஒரு மேடையில் ஏறிவிடுகிறது. அந்தக் காலத்தில் படத்துக்கு முன்னால் ஓடிய பிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படக் குரல், இன்றைக்குப் பல படங்களுக்கு முன்னால் புகையிலை கேடு என்று பயமுறுத்தும் குரல், எல்லாம் அந்த மேடைக் குரல்தான். (நம் தியேட்டர்களில் முதல் வாய்ஸ் ஓவர் பெரும்பாலும் புற்றுநோய் பற்றியது என்பதை மறக்காதீர்கள். உங்கள் நாயகனின் குரல் அதற்கு அடுத்துத்தான் வரப்போகிறது.) 'பொன்னியின் செல்வன்' (2022) தொடக்கத்தில் கமல்ஹாசன் வால்நட்சத்திரத்தைப் பற்றியும் சோழர் குலத்தைப் பற்றியும் சொல்லும்போது எழுத்துத் தமிழ் சரியாகப் பொருந்துகிறது, அங்கே வேண்டியது சரித்திரத்தின் குரல். ஆனால் வியாசர்பாடிப் பையன் மனதுக்குள் பேசும்போது "நான் அன்று அவளைக் கண்டேன்" என்றால் அவன் செத்தான். அவன் வாயால் பேசும்போது ஒரு தமிழ், மனதுக்குள் பேசும்போது வேறு தமிழ் என்று எழுதுகிறீர்கள். தெரிந்து செய்தால் அதிலும் ஓர் அழகு உண்டு. ஆனால் பெரும்பாலான ஸ்கிரிப்ட்களில் வசனம் எழுதிய கை ஒன்று, வாய்ஸ் ஓவர் எழுதிய கை இன்னொன்று. இரண்டாவது கை இயக்குநருடையது, அவருக்குக் கவிதை ஆசை.

இப்போது இரண்டாவது கட்சிக்கு. 'காட்டு, சொல்லாதே' என்ற விதியை வேதமாக வைத்திருக்கிறீர்கள். 'அடாப்டேஷன்' (2002) படத்தைப் பார்த்திருப்பீர்கள். திரைக்கதை வாத்தியார் ராபர்ட் மக்கீயாகப் பிரையன் காக்ஸ் நடித்திருப்பார். நாயகன் மனக்குரலில் புலம்பிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, வாய்ஸ் ஓவர் வைத்தால் கொன்றுவிடுவேன் என்ற தோரணையில் அவர் மேடையிலிருந்து வெடிப்பார். மனக்குரல் பயந்து வாயை மூடிக்கொள்ளும். படம் முடியும்போது அந்தக் குரல் மெல்லத் திரும்பி வந்து, வாத்தியாருக்கு இது பிடிக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். விதியைக் கற்றுக்கொள்வதிலேயே நின்றுவிட்டவர்கள் அந்தக் கடைசிப் பகுதியை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

ராபர்ட் பிரெஸ்ஸோனை என்ன செய்வீர்கள்? அவருடைய 'ஒரு கிராமப் பாதிரியாரின் நாட்குறிப்பு' (1951) படத்தில் பாதிரியாரின் கை நோட்டில் எழுதுவது தெரியும். எழுதுவதை அவர் குரல் படிக்கும். படித்த காரியம் அடுத்த ஷாட்டில் நடக்கும். ஒரே விஷயம் இரண்டு, மூன்று தரம். உங்கள் விதிப்படி இது மகா பாவம். ஆனால் அந்தத் திரும்பத் திரும்ப வருதலில்தான் அந்தப் பாதிரியாரின் தனிமை நம் மேல் ஏறுகிறது; அவருக்குப் பேச வேறு ஆளே இல்லை, நோட்டுதான் இருக்கிறது. குரலில் நடிப்பும் கிடையாது. கணக்குப்பிள்ளை கணக்கு வாசிப்பதுபோல வாசிக்கிறார். என் படத்தில் தோளைக் கொன்ற குரலும் பார்த்ததையேதான் சொன்னது, இதுவும் பார்த்ததையேதான் சொல்கிறது. அந்தக் குரல் எங்களுக்கு உணர்ச்சியை ஊட்டிவிட்டது. பிரெஸ்ஸோனின் குரல் உணர்ச்சியைத் தராமல் வைத்துக்கொள்கிறது.

குரலே வேண்டாத படங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, அது உங்களுக்கே தெரியும். 'தங்கப்பதக்கம்' வசனத்துக்காகக் கைதட்டல் வாங்கிய மகேந்திரன், இயக்குநரானதும் வசனத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்த்தவர். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை அடியொற்றிய 'உதிரிப்பூக்கள்' (1979) படத்தின் முடிவில் கரையில் நிற்கும் அந்த இரண்டு பிள்ளைகளின் மேல் ஒரு குரல் வந்து, வளர்ந்த பிறகு தெரிந்தது என்று ஆரம்பித்திருந்தால்? நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' (2021) படத்தில் வெயிலில் அப்பனும் மகனும் நடக்கிறார்கள். அந்தப் பையன் என்ன நினைக்கிறான் என்பதை நமக்குச் சொல்ல ஆள் இல்லாததால்தான் அந்த வெயில் நம்மையும் சுடுகிறது.

ஆனால் 'உதிரிப்பூக்கள்' காலத்து 'அவள் அப்படித்தான்' (1978) ஒரு குரலோடுதான் முடிகிறது. நாயகி மஞ்சுவை நடுரோட்டில் இறக்கிவிட்டுக் கார் போகிறது. அவள் நிற்கிறாள், சின்னதாகிக்கொண்டே போகிறாள். குரல் வந்து அவளுடைய சாவையும் பிறப்பையும் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லித் தலைப்போடு முடிகிறது. இதைப் பற்றி நான் எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன். அந்தக் குரல் வேண்டியதே இல்லை, இயக்குநர் ருத்ரய்யா தன் ஷாட்டை நம்பியிருக்கலாம் என்பது நண்பர்கள் சிலரின் கட்சி. எனக்கு அது படத்தில் இருந்தாக வேண்டும். அந்தப் படம் முழுக்க ஆண்கள் மஞ்சுவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். புரிந்துகொண்டதாக நினைப்பவனும் சொல்கிறான், புரிந்துகொள்ள விரும்பாதவனும் சொல்கிறான். அவளை ரோட்டில் விட்டுவிட்டுப் போன பிறகும், கடைசி வார்த்தை அவளுடையதாக இல்லை. அந்தக் குரலைக் கேட்டு எனக்கு வரும் எரிச்சலை இயக்குநர் கணக்குப் போட்டுத்தான் வைத்தார் என்று நம்புகிறேன். நீங்கள் பார்த்துவிட்டு வந்து சண்டை போடலாம்.

வேலைக்கு ஆகிற சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். திரையில் இருப்பதை அப்படியே சொல்வதையே வேலையாகக் கொண்ட குரல் ஒன்று உலகத்தில் இருக்கிறது. பார்வையற்றவர்களுக்கான ஒலி விவரிப்பு. அவன் கதவைத் திறக்கிறான், அவள் திரும்பிப் பார்க்கிறாள் என்று வசனங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் சொல்லும். 2024இல் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தியேட்டர் படங்களுக்கு இதைப் பற்றி வழிகாட்டுதல்களே வெளியிட்டிருக்கிறது. அதை எழுதுவது மிக நுணுக்கமான தொழில். இடைவெளியே இல்லாமல் சுவரிலிருந்து சுவர் வரை நீங்கள் குரலை அடைத்துவிட்டால், அந்த விவரிப்பாளருக்கு நுழைய இடமிருக்காது. உங்கள் நாயகன் கதவு திறப்பதை அவர் சொல்லட்டும், நாயகனிடம் வேறு வேலை வாங்குங்கள்.

அடுத்து, பைலட். எடிட்டின்போது பெரும்பாலும் உங்களில் ஒருவர்தான் போனில் குரலைப் பேசித் தருவீர்கள், நாங்கள் அதை ஒட்டி வெட்டுவோம். தூக்கக் கலக்கத்தில், சாப்பாடு ஆறுகிறதே என்ற அவசரத்தில், ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்துவிட்டுப் போவீர்கள். படம் அதோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். ஒரு மாதம் கழித்து நடிகர் டப்பிங் தியேட்டருக்கு வருவார். மைக்குக்கு முன்னால் நின்று, பின்னணி இசையை மனதில் கேட்டுக்கொண்டு, ஃபீலோடு பேசுவார். எல்லாரும் சூப்பர் சார் என்பார்கள். அதை ஒட்டிப் பார்த்தால் காட்சி கனத்துக் கீழே இறங்கிவிடும். நீங்கள் வாசித்தபோது உங்களுக்கு அந்த உணர்ச்சி தெரியாது, அதனால் நாங்கள் அதைப் படத்தில் தேடிக்கொண்டோம். நடிகருக்கு அது தெரிந்துவிட்டது, சொல்லிவிட்டார். ஆகவே பைலட் ஃபைலை அழிக்காமல் வையுங்கள். நடிகர் வரும் அன்று முதலில் அதை அவருக்குப் போட்டுக் காட்டச் சொல்லி இயக்குநரிடம் கெஞ்சுங்கள். அவர் கோபித்துக்கொள்ளலாம். சிலர் கோபித்துக்கொள்ளாமல் கேட்டுவிட்டு, மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டு, உட்கார்ந்து பேசியதையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஸ்கிரிப்டில் குரல் இருந்தால், அந்தப் பக்கங்களை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு வாருங்கள். படத்தின் கதை எனக்கு வேண்டாம். பேசுகிறவர் யாரிடம் பேசுகிறார் என்பதையும், அவரிடம் எதை மறைக்கிறார் என்பதையும் மட்டும் ஒரு வரியில் மேலே எழுதிக்கொண்டு வாருங்கள். வாய்ஸ் ஓவரே கூடாது என்கிறவர்களும் வரலாம். அவர்களுக்கு இரண்டு 'பிளேட் ரன்னர்' பதிப்புகளையும், பிறகு 'டேஸ் ஆஃப் ஹெவன்' முழுவதையும் போட்டுக் காட்டுவதாக இருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் வந்தால் சிஸ்டம் சும்மாதான் இருக்கும்.

அன்புடன்,
ஒரு எடிட்டர்